குளிர்ந்த, உலர்ந்த இடம்

சரோஜா கடைக்குள் வந்தபோது அவளுடைய இரண்டு கைகளும் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தன. மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். கைகளை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“இன்னாடி, போலீசு கையத் தூக்கச் சொல்லுச்சா?” என்று கேட்டேன். எனக்கு எதிலும் முதலில் வருவது கேலிதான். நல்லது கெட்டது பார்த்து வாயைத் திற என்று சொல்லிச் சொல்லி என் வீட்டுக்காரர் அலுத்துப்போனார்.

அவள் சிரிக்கவில்லை. “கவர அவுத்து வுடுக்கா. என்னால முடில” என்றாள்.

அவிழ்த்தேன். விரல்கள் வெந்த இறால் நிறத்தில் வீங்கியிருந்தன. வெடிப்புகளில் நீர் கசிந்தது. இடது கை மோதிர விரல் மட்டும் ஒரு ரப்பர் உறைக்குள் தனியாக இருந்தது. போன மாதம் பழவேற்காடு ஏரியில் அந்த விரலின் பக்கவாட்டில் கெளுத்தி மீன் முள் ஏறிவிட்டது. பழைய கையுறையில் ஒரு விரலை வெட்டி மாட்டி, வலை நூலால் அடியில் இறுக்கிக் கட்டிவைத்திருந்தாள். ஏற்கெனவே ஒரு விரல் கெட்டுக் கிடந்தது, இப்போது மற்ற ஒன்பதும் போச்சா என்று நினைத்துக்கொண்டேன்.

“இன்னாத்தடி பூசின?”

“நம்ம க்ரீமுதான்க்கா. நேத்து என் பாடு.”

அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் ஒரு கேன்டீன் வாசலில் சரோஜா கைரேகை பதிய வேண்டும். பதிந்தால் வேலை. பதியாவிட்டால் அடுத்து நிற்கிற பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

தேய்ந்த விரல்கள்

சரோஜா ஏரிக்கரையில் இருக்கிற தோணிரேவு ஊர்க்காரி. வலை இல்லாமல் வெறும் கையால் இறால் பிடிக்கிறவள். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் துழாவித் துழாவி நகர்ந்துகொண்டே போவார்கள். அகப்படுகிற இறாலைப் போடுவதற்குப் பனை ஓலையில் முடைந்த பறி ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். தோணிரேவுப் பெண்கள் வாய் மூடியிருக்கிற நேரம் அது ஒன்றுதான் என்று நான் சொல்லி, அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

உப்புத் தண்ணீர், சேறு, கிளிஞ்சல் ஓடு, இறாலின் கொம்பு. இத்தனைக்கும் நடுவில் விரல் நுனி என்ன ஆகும்? தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிடும். அப்புறம் வெடிக்கும். ரேஷன் கடை மெஷினில் வைத்தால் சிவப்பு விளக்குதான் எரியும்.

“நான் உசுரோட கீறேன்னு எல்லாருக்கும் தெரீது. அந்த மெஷினுக்குத்தான் தெர்ல” என்பாள் சரோஜா.

அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஏரியில் இறங்கிச் சற்று நேரத்தில் முட்டிக்குக் கீழே கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரிவதில்லை என்று ஒருநாள் சொன்னாள். இன்னொரு மழைக்காலம் தன்னால் தண்ணீரில் உட்கார முடியாது என்றாள். அப்போதுதான் கேன்டீன் வேலை பற்றிய பேச்சு வந்தது. காய் நறுக்க வேண்டும், பாத்திரம் தேய்க்க வேண்டும். கம்பெனி வேன் வந்து அழைத்துப்போகும்.

அவள் புருஷன் மணி, துறைமுகம் விரிவாகக்கூடாது என்று சாலையில் உட்கார்ந்தவர்களில் ஒருவன். “போறதுன்னா போ. ஊர்க் கூட்டத்துல நான் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது, அத்த மட்டும் சொல்லிட்டுப் போ” என்றானாம். அவள் மரத்துப்போன காலை நீட்டிக் காட்டியிருக்கிறாள்.

மூக்கு இருக்கிற ஊர்

என்னைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன், ஆனாலும் இன்றைக்குத்தான் முதல்முறை படிக்கிறவர்கள் இருப்பீர்கள். பழவேற்காடு பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறேன். வளையல், பொட்டு, பவுடர், க்ரீம். என் பெயர் கலாவதி என்பது ஆதார் அட்டைக்குத் தெரியும். ஊருக்குக் கலாக்கா.

என் கடையில் க்ரீம் வாங்குகிற யாரும் காலாவதித் தேதி பார்ப்பதில்லை. மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோவார்கள். குறை சொல்லவும் முடியாது. செவுளைத் தூக்கி ஒரு தடவை முகர்ந்தால் போதும், மீன் காலையில் பிடித்ததா, நேற்றுப் பிடித்து ஐஸில் கிடந்ததா என்று சொல்லிவிடுகிறவர்கள் அவர்கள். நானும் அந்த மூக்கோடு பிறந்தவள்தான். என் நைனா கடலுக்குப் போனவர். கெட்ட மீன் எங்கள் வாசல்படி ஏறியதில்லை.

ஆனால் அந்த மூக்கை நம்பித்தான் நான் கடையின் முதல் கோடையில் ஏமாந்தேன். சென்னைப் பாரிமுனையில் சரக்கு எடுத்து, மின்சார ரயிலில் பொன்னேரி வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வருவேன். வழியில் அனுப்பம்பட்டில் சிக்னலுக்காக ரயில் நின்றால் நின்றதுதான். மடியில் இருக்கிற பை அடுப்பில் வைத்த மாதிரி கொதிக்கும். லிப்ஸ்டிக் உருகி மூடிக்குள் படுத்துவிடும். முகத்துக்குப் போடுகிற க்ரீம் தண்ணீர் தனி, கொழுப்பு தனி என்று பிரிந்துவிடும். வாசனை மட்டும் அப்படியே இருக்கும்.

க்ரீமில் வாசனை என்பது மேலே போட்டது. உள்ளே என்ன நடந்தாலும் அது மல்லிகை என்றால் மல்லிகைதான். கெட்ட மீன் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். கெட்ட க்ரீமுக்கு அந்த நேர்மை கிடையாது.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் கல்யாணச் சீரில் ஒரு மேக்கப் தட்டு வைப்பார்கள். க்ரீம், பவுடர், சென்ட் எல்லாவற்றையும் அடுக்கி, மேலே கண்ணாடித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி. பெண் அதைப் பிரிக்கமாட்டாள். பிரித்தால் அழகு போய்விடும். பீரோவில் வைத்திருந்து நாத்தனார் கல்யாணத்துக்கு அதையே சீராக வைப்பாள். நான் கட்டிக்கொடுத்த தட்டு ஒன்று நாலைந்து குப்பங்களைச் சுற்றி, எத்தனையோ கல்யாணங்களுக்குப் போய்வந்து, கடைசியில் என் தங்கை மகளுக்கே வந்து சேர்ந்தது. ரிப்பன் முடிச்சை வைத்து நான் போட்டதுதான் என்று கண்டுபிடித்தேன். உள்ளே இருந்த க்ரீம் மஞ்சளாகி, சுண்ணாம்பு போல வெடித்திருந்தது. அந்தத் தட்டிலிருந்து ஒரு விரல் அளவுகூட யாரும் எடுத்துப் பூசியதில்லை.

டப்பாவில் எழுதியிருந்தது

சரோஜாவின் க்ரீமுக்கு வருகிறேன்.

ரேஷன் கடையில் விரல் பதியாத பெண்கள், சரோஜாவோடு ஆறு பேர் சேர்ந்து பொன்னேரியில் ஒரு தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர் யூரியா கலந்த க்ரீம் எழுதிக்கொடுத்தார்.

“யூரியாவா? நெல்லுக்குப் போடுறதாக்கா?” என்று கேட்டாள் எல்லம்மா. அவள் கருவாடு போடுகிறவள், எந்த விஷயத்திலும் முதல் சந்தேகம் அவளுடையதாகத்தான் இருக்கும்.

“ஆமா. பூசிகினு வயல்ல நில்லு, கதிர் வுடுவ” என்றேன். பிறகு அது வேறு, இது வேறு, வறண்ட தோலுக்கு ஈரம் பிடித்துக் கொடுப்பது என்று விளக்கினேன்.

ஆளுக்கொரு டியூப் வாங்குங்கள் என்றுதான் சொன்னேன். டியூபில் விரல் உள்ளே போகாது. பிதுக்கினால் வேண்டியது மட்டும் வெளியே வரும், மிச்சம் சுத்தமாக இருக்கும். அவர்கள் கேட்கவில்லை. பெரிய டப்பா மலிவு, ஆறு பேரும் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். வரவழைத்துக் கொடுத்தேன்.

வசந்தாதான் அவர்களில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். அவள் வீட்டுக்காரர் மீன் ஏலம் எடுத்து ஐஸ் பெட்டியில் சென்னைக்கு அனுப்புகிறவர். டப்பாவைத் திருப்பிப் பார்த்து உரக்கப் படித்தாள். “குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அப்போது அது சாதாரணமாகத்தான் பட்டது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், இந்த வாக்கியத்தை எழுதிய ஆள் ஏரிக்கரையில் குடியிருந்தவராக இருக்க முடியாது. பழவேற்காட்டில் குளிர்ந்த இடமெல்லாம் ஈரம். உலர்ந்த இடமெல்லாம் கொதி. இரண்டும் சேர்ந்து இருக்கிற இடம் எங்கள் ஊரில் எது என்று வெகுநாள் தேடிக்கொண்டிருந்தேன்.

பாடு

ஏரியில் இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் மண்டை உடையும். அதனால் இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள் என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் பாடு. ஒருவன் பாட்டில் இன்னொருவன் தலையிடக்கூடாது. அவனுக்கு நிறையக் கிடைத்தாலும், ஒன்றுமே கிடைக்காவிட்டாலும், அன்றைய தண்ணீர் அவனுடையது. மறுநாள் அடுத்தவனுக்கு விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

இந்த ஆறு பெண்களும் க்ரீம் டப்பாவுக்கும் பாடு வைத்தார்கள். ஒரு வீட்டில் ஒரு நாள். சாயங்காலம் அடுத்த வீட்டுக்குக் கைமாற வேண்டும். வேறு ஊர்ப் பெண்களாக இருந்தால் ஒருத்தி வீட்டில் வைத்து எல்லோரும் போய்ப் பூசியிருப்பார்கள், இல்லை சண்டை போட்டுப் பிரித்திருப்பார்கள். இவர்களுக்குத் தெரிந்த நியாயம் பாடுதான். சண்டையே வரவில்லை. சண்டை வந்திருந்தால் டப்பா பிழைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் வசந்தா பாடு. குளிர்ந்த இடம் என்று அவளே படித்திருக்கிறாளே, நேராக ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். சுற்றிலும் கானாங்கெளுத்தி மீன், நடுவில் க்ரீம். ஐஸ் உருகி மூடி இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இதே கதை. ஓரமெல்லாம் நீர் விட்டுக்கொண்டது.

அடுத்து எல்லம்மா. திறந்து பார்த்தாள், தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று கருவாட்டுக்காரிக்குச் சொல்லித்தர வேண்டுமா? மூடியைக் கழற்றி, கொசுவலைத் துணி கட்டி, டப்பாவை வெயிலில் வைத்துவிட்டாள். காக்காய் வராமல் காவலும் இருந்திருக்கிறாள்.

அதற்கடுத்த வீட்டில் காய்ந்து கட்டியாக இருக்கிறதே என்று கொஞ்சம் தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கலக்கினார்கள். இன்னொரு வீட்டில் சாமி மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில். எல்லார் வீட்டிலும் ஏரிச் சேறு சரியாகப் போகாத விரல்தான் உள்ளே போனது, உப்போடு சேர்த்து. ஐஸ், வெயில், உப்பு. மீனைக் காப்பாற்ற எங்கள் ஜனங்களுக்குத் தெரிந்த மூன்று வழியையும் அந்த க்ரீமுக்குச் செய்துவிட்டார்கள். அக்கறை இல்லாமல் செய்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

நிறம் மாறியதை ஆறு பேரும் பார்த்திருக்கிறார்கள். ஒருத்தியும் பேசவில்லை. அடுத்தவள் பாட்டில் நடந்ததைக் கேட்கக்கூடாதே. வாசனையும் நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை டப்பா சரோஜாவிடம் வந்தது. வேலைக்குப் போகப்போகிறவள் ஆயிற்றே, கொஞ்சம் கூடவே எடுத்துக்கொள் என்று மற்ற ஐந்து பேரும் அனுமதி கொடுத்தார்கள். ஒன்பது விரல்களிலும் அப்பிக்கொண்டாள். புண்ணில் படக்கூடாது என்று உறை போட்ட விரலை மட்டும் விட்டுவிட்டாள். ஈரம் ஊறட்டும் என்று கைகளைக் கவருக்குள் விட்டுக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். வெடிப்புக்குள் கெட்ட க்ரீம், அதற்கு மேல் காற்றுப் போகாத கவர். விடிந்து பார்த்தபோது கைகள் இப்படி ஆகியிருந்தன.

யார் பாட்டில் கெட்டது?

டப்பாவை நான் கையில் வாங்கினேன். பழக்கதோஷம், என் மூக்கும் முதலில் அதன் மேல்தான் போனது. ரோஜா வாசனை. அடியில் கைவிட்டுக் கிளறிய பிறகுதான் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

“தேதி இன்னும் ரெண்டு வருசம் கீதேக்கா. வசந்தா படிச்சிச் சொன்னா” என்றாள் சரோஜா.

“அது மூடி தொறக்காம இருந்தாடி. தொறந்துட்டா கணக்கு வேற.”

அவள் சற்று யோசித்தாள். “தண்ணிக்குள்ள நீந்திகினு இருக்கிற மீனுக்கு ஏது தேதி? கரைக்கு வந்தப்புறம்தான் கணக்கு. அப்படித்தான?”

அப்படித்தான். இத்தனை வருஷமாக நான் வாய் வலிக்க எல்லோருக்கும் சொல்லி வந்ததை அவள் வலியோடு நின்றுகொண்டு சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். இப்போது கடையில் கேட்கிறவர்களுக்கு நான் அதையே சொல்கிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். ஊசி போட்டு, மருந்து கொடுத்து, கைகளுக்குக் கட்டுப் போட்டு, ஒரு வாரம் தண்ணீர் படக்கூடாது என்றார்கள். வேறு நாள் கேட்டுப்பார்க்கலாமா என்று கேன்டீன்காரருக்குப் போன் செய்தோம். திங்கட்கிழமை வராவிட்டால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என் கடை வாசலில் ஆறு பேரும் கூடினார்கள். டப்பாவை எறிய வேண்டும். ஆனால் பொதுப் பாட்டில் இருக்கிற பொருளை ஒருத்தி மட்டும் எறிய முடியாது.

“யார் பாட்டுல கெட்டுச்சின்னு கேக்கக் கூடாது. அது முறை இல்ல” என்றாள் எல்லம்மா, யாரும் கேட்பதற்கு முன்பே.

“ஐஸ்ல வச்சது கெடும்னு எனக்கின்னா தெரியும்? ஊரே ஐஸ்லதான் பொழைக்குது” என்றாள் வசந்தா. அவள் கண்ணில் நீர் நின்றது. யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சரோஜா கட்டுப்போட்ட கையை ஆட்டினாள். “வுடு வசந்தா. நீ ஒண்ணும் வெசம் வைக்கல.”

ஏரியில் கொட்டிவிடலாமா என்று ஒருத்தி கேட்டதற்கு மட்டும் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். இறாலுக்கு ஆகாது. கடைசியில் என் கடைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தோம். மண்ணைத் தள்ளும்போது எல்லம்மா ஒரு முறை குனிந்து முகர்ந்து பார்த்தாள். “இன்னமும் நல்லாத்தான் கீது” என்று முணுமுணுத்தாள்.

வாசலில்

திங்கட்கிழமை அவளோடு நானும் போனேன். அவளால் பர்ஸைக்கூடத் திறக்க முடியாது. கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டேன்.

கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் மெஷின். அங்கே ஒரு காவலாளிப் பெண், எங்கள் பக்கத்து ஆள் இல்லை, கனிவாகத்தான் பேசினார். வலது கட்டைவிரலை வைக்கச் சொன்னார். கட்டுத்துணியை அவிழ்த்து, சரோஜா பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தாள். சிவப்பு. “ட்ரை அகெய்ன்” என்றது மெஷின். ஆள்காட்டி விரல், “ட்ரை அகெய்ன்”. நடுவிரல், “ட்ரை அகெய்ன்”. கையை மாற்றினாள். ஒன்பது விரலையும் பார்த்துவிட்டு ஒன்பதையும் இல்லை என்றது. எங்களுக்குப் பின்னால் நின்ற பெண் ஒரு அடி முன்னால் நகர்ந்தாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, அவளுக்கும் வேலைதான் வேண்டும்.

சரோஜா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. ஏரியில் இறங்கி இத்தனை வருஷமாக ஒரு வீட்டையே தூக்கி நிறுத்திய கைகள் அவை. அவற்றை ஒரு சுவர் தெரியாது என்று சொல்கிறதே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

“அந்த விரல்ல என்னம்மா உறை?” என்று கேட்டார் காவலாளிப் பெண்.

“அது கெளுத்தி குத்துனதுங்க. ஆவாத வெரலு.”

“இருக்கட்டும், கழட்டி வையுங்க.”

நூலை நான்தான் பல்லால் கடித்து அறுத்தேன். உறையை உருவியதும் விரல் வெளுப்பாக, சற்றுச் சுருங்கி வந்தது. பக்கத்தில் முள் ஏறிய தழும்பு காய்ந்துவிட்டிருந்தது. நுனியைத் திருப்பிப் பார்த்தேன். கோடுகள், வளைந்து வளைந்து, குழந்தை விரலில் இருப்பதுபோல.

வைத்தாள். பச்சை. “தேங்க்யூ” என்றது மெஷின்.

கெட்டுப்போனது என்று நாங்கள் ஒதுக்கிவைத்திருந்த விரல் அது. ஒரு மாதமாக உப்புத் தண்ணீர் தொடாமல், க்ரீமும் படாமல் கிடந்ததில் தோல் தானாகவே வளர்ந்திருக்கிறது.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் நின்று சரோஜா சிரித்தாள். அந்த மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு. “பாரேன்க்கா. ஒம்போது வெரலு ஒழச்சுகினு இருந்துச்சு. சும்மா குந்திகினு இருந்தவனுக்குத்தான் தேங்க்யூ சொல்லுது.”

இப்போது

அந்த மழைக்காலம் போய், அடுத்ததும் வந்து போய்விட்டது. சரோஜா வேனில் போய்வருகிறாள். மணி இப்போதும் துறைமுகத்துக்கு எதிரான கூட்டங்களுக்குப் போகிறான், வேன் வருகிற நேரத்துக்கு அவளுடைய சாப்பாட்டுப் பையையும் எடுத்து வைக்கிறான். மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு சின்ன டியூப் வைத்திருக்கிறார்கள். வசந்தா அதை எங்கே வைக்கிறாள் என்று நான் கேட்பதில்லை.

போன வாரம் சரோஜா முகப்பவுடர் வாங்க வந்தாள். பார்த்தால் அதே இடது கை மோதிர விரலில் அதே மாதிரி ரப்பர் உறை, அடியில் வலை நூல் கட்டு.

“மறுபடியும் குத்திச்சாடி? கேன்டீன் கொழம்புல கெளுத்தி நீந்துதா?”

“குத்துலாம் இல்லக்கா. பாத்திரம் தேய்க்கிற பவுடர் மத்த வெரலெல்லாம் தின்னுடுச்சி. இந்தா பாரு.” காட்டினாள். வழுவழுவென்று இருந்தன. “இது கேட்டு மெஷினுக்கு வச்சிருக்கிற வெரலு. காலைல ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா. மத்த நேரத்துல இத்த வேலைக்கு அனுப்பறதில்ல.”

“வேர்த்து ஊறிப் போயிடாதா?”

“அதுக்குத்தான் பவுடர். போட்டுட்டு மாட்டுவேன். நிழல்ல குந்தி மாட்டுவேன்.”

உறையைக் கழற்றி விரலை என் உள்ளங்கையில் வைத்தாள். தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்து இருந்தது, உலர்ந்தும் இருந்தது. கோடுகள் ஒன்றுகூட அழியவில்லை. பக்கத்திலேயே இருந்த மற்ற நான்கு விரல்களையும் பார்த்தேன்.

எனக்குக் கேலி வரவில்லை. அழுகை வந்தது. அதை அவளுக்குக் காட்டாமல் குனிந்து, அலமாரியில் நாலைந்து பவுடர் டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தேதி முடிய அதிக நாள் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.